இழுக்க இழுக்க இறுகிய கொடி

“அய்யனார் கோவில் ஓடையிலயே வழுக்கி விழுந்தவ, கடலுக்கு நடுவுல போயி என்னத்தப் பாடம் நடத்தப் போறா?” என்றார் சித்தப்பா. மாலத்தீவில் ஆங்கில ஆசிரியை வேலைக்கான உத்தரவு அப்போது என் கையில் இருந்தது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அம்மாவுக்கு ராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலை. அப்பா லோடு வண்டி ஓட்டுகிறார். ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தினமும் பஸ்ஸில் போய் பி.எட். முடித்தவளுக்குத் தலைக்கனம் எவ்வளவு இருக்கும்? (அம்புட்டும் இருந்தது.)

நான் போய்ச் சேர்ந்த தீவை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடக்கக் கால் மணி நேரம் போதும். முதல் ஆறு மாதம் சோதனைக் காலம். ஜூலைக் கடைசியில் தலைமை ஆசிரியை அமீனா அனுப்பும் அறிக்கையை வைத்துத்தான் வேலை நிலைக்கும். இல்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு சித்தப்பா முகத்தில் போய் விழிக்க வேண்டும்.

அதே ஜூலை இருபத்தாறுதான் அவர்களுடைய சுதந்திர தினம். நம்மூரில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்து ஒன்பது மணிக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே அது ஊர்த் திருவிழா. ஒரு வாரம் முன்பே தெருவெல்லாம் தோரணம், மீன்பிடிப் படகுகளுக்கு அலங்காரம், சாயங்காலமானால் முரசடித்துப் பாட்டுப் பயிற்சி. கடற்கரையில் கயிறு இழுக்கும் போட்டிக்குக் கலியாணமான பெண்கள் ஓர் அணி, ஆகாதவர்கள் ஓர் அணி.

ஆசிரியர் கூட்டத்தில், “கொடிப் பொறுப்பு யாருக்கு?” என்று அமீனா கேட்டார். நான் கையைத் தூக்கினேன். “எங்கள் பள்ளியில் வருடா வருடம் கொடி கட்டியதே நான்தான், மேடம்.” (ரோஜா இதழை உதிர்த்துக் கொடுத்தது நான். கட்டியது பி.டி. சார்.)

“கயிற்றில் மாட்டி வைத்தால் போதும். தேசிய கீதம் பாடப் பாடக் கொடி மெல்ல ஏறும்” என்றார் அவர்.

எனக்கு அது சப்பென்று இருந்தது. உச்சியில் கொடி பிரிந்து பூ உதிராவிட்டால் அது என்ன சுதந்திரம்? யாரிடமும் சொல்லாமல், அன்று விடிந்ததும் காகிதப்பூ இதழ்களைப் பறித்து, வாடாமலிருக்கத் தண்ணீர் தெளித்து, கொடிக்குள் வைத்து மடித்துக் கட்டினேன். எனக்குத் தெரிந்த முடிச்சு உலகத்தில் ஒன்றே ஒன்று. மில்லில் அறுந்த நூலைச் சேர்க்க அம்மா போடுவது. மிளகு அளவில் அழகாக இருக்கும். அதை எதற்காகப் போடுகிறார்கள் என்று மட்டும் நான் யோசிக்கவில்லை. எவ்வளவு இழுத்தாலும் அவிழக் கூடாது என்பதற்காக.

ஊரே கூடியிருந்தது. என் பெருமையை ராஜபாளையமும் பார்க்கட்டும் என்று வீடியோ காலைப் போட்டுப் போனை மேடை ஓரத்தில் சாய்த்து வைத்தேன். தீவின் தலைவர் நாற்பது வருடம் கடலில் சூரை மீன் பிடித்தவர். அவர் கயிற்றை இழுக்க, கொடி மடித்த சேலை மாதிரி பொட்டலமாக மேலே போனது. அமீனா என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

தலைவர் சுண்டினார். அவிழவில்லை. பலமாகச் சுண்டினார். இன்னும் இறுகியது. தேசிய கீதம் முடிந்தது. பிள்ளைகள் மறுபடி முதலிலிருந்து பாடினார்கள். கடைசியில் பொட்டலத்தைக் கீழே இறக்கினார்கள்.

தலைவர் முடிச்சை மேடை ஓரத்தில், என் போனுக்கு நேராக வைத்து உற்றுப் பார்த்தார். நகத்தால் கிள்ளினார். “யார் போட்டது இது?” என்றார். கத்தியை எடுக்கலாம், ஆனால் கொடிமேல் கத்தி படக் கூடாது என்று ஒரு குரல் வந்தது. என் அறிக்கை அங்கேயே எழுதி முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்போது போனிலிருந்து அம்மாவின் குரல், மில் இரைச்சலுக்குப் பழகிய குரல், மைதானம் முழுக்கக் கேட்டது.

“ஏட்டி, அது நம்ம மில்லு முடிச்சுல்லா? அத ஏன் இழுக்காவ? இழுத்தா இறுகத்தான செய்யும்.”

“எம்மா, செத்த மெதுவாப் பேசு.”

“மெதுவாப் பேசுனா அவுந்துருமாக்கும்? வளைஞ்சிருக்க பக்கத்தப் பின்னால மடக்கித் தள்ளச் சொல்லுட்டி.”

பின்னால் சித்தப்பா யாரிடமோ, “நான் அன்னைக்கே சொன்னம்லா” என்றார்.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன், அமீனா அதைத் தலைவருக்கு அவர்கள் மொழியான திவேகியில் சொன்னார். அவர் மடக்கித் தள்ளினார். முடிச்சு பொசுக்கென விட்டது. கூடவே ஈரத்தில் ஊறிய இதழ்கள் ஒரே உருண்டையாக அவருடைய புதுச் செருப்பின்மேல் சொத்தென்று விழுந்தன. (அதுதான் நான் ஆசைப்பட்ட பூமாரி.) முதலில் சிரித்தது அவர்தான். மூன்றாம் முறை கீதம் பாடியபோது கொடி விரிந்தபடியே ஏறியது.

அறிக்கையில் அமீனா எழுதியிருந்தார்: “நன்றாகக் கற்பிக்கிறார். கொடிப் பொறுப்பு தர வேண்டாம்.” வேலை நிலைத்தது. தூண்டில் கயிற்றுக்கு ஆகும் என்று தலைவர் அந்த முடிச்சைப் பழகிக்கொண்டு, தீவு முழுக்க எனக்கு ‘முடிச்சு மிஸ்’ என்று பெயர் வைத்தார். வீட்டிலோ ஊறுகாய்ப் பாட்டில் மூடி திறக்காவிட்டால்கூட, “இவ கட்டுன கொடியால்ல இருக்கு” என்கிறார் சித்தப்பா.

போன மாதம் தலைவர், “அந்தக் குரலை நேரில் பார்க்க வேண்டும்” என்றார். அம்மாவிடம் சொன்னேன். “எனக்கு என்னட்டி தெரியும் அங்கன வந்து?” என்றாள்.

விடுமுறைக்கு ஊருக்கு வந்ததும், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இரண்டு நடை நடந்து பிறப்புச் சான்று வாங்கி, அவளுக்குப் பாஸ்போர்ட்டும் எடுத்தாயிற்று. ஜூலை இருபத்திரண்டுக்கு நேற்று இரண்டு டிக்கெட் போட்டேன். ஜன்னல் சீட் அம்மாவுக்கு.