தொட்டிச் சுற்றறிக்கை

மாணவர் நலன் கருதிப் பள்ளியின் இணையத்தைப் பூட்டும் பொறுப்பு கம்ப்யூட்டர் டீச்சரின் தலையில் விழுந்தது. வகுப்பு நேரத்தில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையோடு அரட்டை அடித்தாலும் டீச்சர்தான் விளக்கம் தரவேண்டும் என்று தலைமையாசிரியர் கையெழுத்தே போட்டுக் கொடுத்துவிட்டார். டீச்சருக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

முதலில் 'விளையாட்டு' என்ற சொல்லைத் தடுத்தார். விளையாட்டு வாத்தியாரின் கால அட்டவணையும் சேர்ந்து மறைந்தது. 'படம்' என்பதைத் தடுத்தபோது, பாடத்திலிருந்த இதயத்தின் வரைபடமும் போய்விட்டது. பிள்ளைகளோ மொழிபெயர்ப்புத் தளத்தின் கொல்லை வழியாக எல்லாவற்றையும் திறந்தார்கள். பொறுமையிழந்த டீச்சர் சகலத்தையும் மூடி, கல்வித்துறையின் சுற்றறிக்கைப் பக்கம் ஒன்றை மட்டும் விட்டுவைத்தார். அதை யாரும் படித்ததாகச் சரித்திரம் இல்லை.

மூன்று நாள் கம்ப்யூட்டர் அறையில் மயான அமைதி. நாலாம் நாள், 'குடிநீர்த் தொட்டிகளைத் தூய்மையாகப் பராமரித்தல் தொடர்பாக' என்ற சுற்றறிக்கையைப் படித்து முப்பது பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டீச்சர் எட்டிப் பார்த்தார். பக்கத்தின் அடியில் கருத்துப் பெட்டி; அதற்குள் அரட்டை ஓடிக்கொண்டிருந்தது.

"மூணாவது கணக்குக்கு விடை என்னடி?"

"ஏழு. ஹெட்மாஸ்டர் மீசைக்கு மை போட்டிருக்காரு, பாத்தியா?"

டீச்சர் பெட்டியை மூட ஓடுவதற்குள், கல்வி அதிகாரியின் கார் வாசலில் வந்து நின்றது. துறையில் கருத்துகளை எண்ணுவது வழக்கம், படிப்பது வழக்கமில்லை.

"ஆறாயிரம் கருத்து! என் சுற்றறிக்கைக்கு!" அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. பின்வரிசையில் 'ரேடியோ' என்று பட்டப்பெயர் வாங்கிய பெண்ணைக் கூப்பிட்டார். "தொட்டியைப் பத்தி என்னம்மா நினைக்கிற?"

"அது மட்டும் இல்லேன்னா எங்களால பேசவே முடியாது சார்."

"பாத்தீங்களா? தொண்டை வறண்டா எப்படிப் பேசறது! குழந்தைக்குத் தெரியுது!"

டீச்சருக்கு மாலை விழுந்தது, வேலையும் நிரந்தரமானது. மறுவாரமே, எல்லாப் பள்ளிகளிலும் ஒவ்வொரு மாணவரும் தினம் பத்துக் கருத்து கட்டாயம் எழுதவேண்டும், அதற்கு மதிப்பெண் உண்டு என்று ஆணை வந்தது.

அன்றோடு பிள்ளைகள் கருத்துப் பெட்டியை வெறுத்தார்கள். ரேடியோ மடியில் வரலாற்றுப் புத்தகத்தை ஒளித்துவைத்துத் திருட்டுத்தனமாகப் படித்தாள்.

கருத்துகளின் எண்ணிக்கை குறைந்தால் டீச்சருக்கு ஆபத்து. எனவே பிள்ளைகள் பேரில் அவரே தட்டினார். ஆள் போதாமல் தலைமையாசிரியரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எல்லாப் பள்ளியிலும் இதே கதைதான். சாயங்காலம் தலைமையாசிரியர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"என்ன சார்?"

"ஒண்ணுமில்லம்மா, பக்கத்துப் பள்ளி ஹெட்மாஸ்டர் ஒரு ஜோக் போட்டிருக்காரு. இரு, பதில் போட்டுட்டு வர்றேன்."

அவர் தட்டுவதற்குள் அடியில் புதிதாக ஒரு கருத்து முளைத்தது. அதிகாரியின் பெயரில்.

"கூட்டத்துல உக்காந்திருக்கேன். கொட்டாவி தாங்கல. யாராச்சும் இருக்கீங்களா?"