சரளாவின் அப்பாவுக்குக் கார்த்திகை காட்டினேன்

பொறுமை இல்லாதவன் கார் ஓட்டலாம், கடை வைக்கலாம், கல்யாணம்கூடப் பண்ணிக்கொள்ளலாம். தொலைநோக்கி மட்டும் வாங்கக் கூடாது. நான் வாங்கினேன். மாசாய் நகரில் எங்கள் வரிசை வீட்டின் பின்புறம், துணிக்கொடிக்கும் கேஸ் சிலிண்டர் தோம்புக்கும் நடுவே அதை நிறுத்திவைத்து, ஒரு நட்சத்திரம் கண்ணில் படுவதற்குள் அடுத்ததற்குத் தாவிவிடுவேன். ("எண்ணெயில போட்ட கடுகு மாதிரி ஒரு இடத்துல நிக்கிறானா பாரு" என்பார் அம்மா.)

அந்த நாளில் எனக்கு ஒரு பெரிய காரியம் ஆகவேண்டியிருந்தது. என்னோடு தொழிற்சாலையில் வேலை பார்த்த சரளாவைக் கட்டிக்கொள்ள வேண்டும். அவளுக்குச் சம்மதம். அவள் அப்பா சாஆ என்ற ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணியாக இருந்து, ஆள் கணக்கு எழுதியே ஓய்வு பெற்றவர். யார் வேலைக்கு வந்தான், யார் வந்ததாகச் சொன்னான் என்பதை முகத்தைப் பார்த்தே பிரித்துவிடுவாராம். அவருக்கு என்மேல் ஒரே ஒரு சந்தேகம்தான்.

"பையன் ராத்திரியில வீட்டுக்குப் பின்னால குழாய் வச்சுக்கிட்டு நிக்கிறானாமே. எதிர்ல பூரா பிளாட் வீடு. வானத்தைத்தான் பாக்கிறான்னு என்னா அத்தாட்சி?"

நியாயமான கேள்வி. நான்தான் வாயைக் கொடுத்தேன். "கார்த்திகை தீபத்தன்னிக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா. கார்த்திகை நட்சத்திரத்தையே காட்டுறேன்" என்று சரளாவிடம் சொல்லிவிட்டேன். வெறுங்கண்ணுக்கு ஆறு புள்ளியாகத் தெரியும் அந்தக் கூட்டம் தொலைநோக்கியில் வைரத்தை வாரி இறைத்த மாதிரி இருக்கும். கார்த்திகையன்று கார்த்திகை! இதைவிடப் பொருத்தம் கிடைக்குமா?

இங்கேதான் என் மூளையின் அழகைப் பார்க்க வேண்டும். அந்த மாதத்தில் முழுநிலா கார்த்திகை நட்சத்திரத்தின் பக்கத்தில் வந்து நிற்கும் நாள்தான் கார்த்திகை தீபம். நிலா அவ்வளவு பக்கத்தில் எரிந்தால் நட்சத்திரம் அமுங்கிப் போகும். கார்த்திகையைத் தேடக் கூடாத இரவு ஒன்று உண்டென்றால் அது அதுதான். காலண்டர் வைத்திருக்கும் எந்தத் தமிழனும் யோசித்தால் கண்டுபிடித்துவிடுவான். எனக்கு யோசிக்க நேரமில்லை; காலையிலிருந்து மழை வருமா என்று பின்கதவைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மழை வரவில்லை. அவர்கள் வந்தார்கள். அம்மா நீட்டிய பொரி உருண்டையைச் சரளாவின் அப்பா தொடவில்லை.

"மொதல்ல அதைக் காட்டுங்க தம்பி."

பின்பக்கம் போனால், எதிர் பிளாட்டுக்கு மேலே தோசைக்கல் அளவுக்கு நிலா. குழாயை மேலே தூக்கினேன், கீழே இறக்கினேன், இடது, வலது. எங்கே திருப்பினாலும் வெள்ளைப் புகைதான். பின்னால் அவர் தொண்டையைக் கனைத்தார். சரளா என் முதுகில் மெல்லக் குத்தி, "சீக்கிரம் லா" என்றாள். கொசு கடித்தது. குழாயை இன்னும் கொஞ்சம் இறக்கினேன்.

ஆறு ஒளிப்புள்ளிகள்! மங்கலாக, அசைந்து அசைந்து. கொஞ்சம் மஞ்சளாகவும் வரிசையாகவும் இருந்தன. கார்த்திகைக் கூட்டம் நீலமாக இருக்கும், வரிசையில் நிற்காது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், "கிடைச்சிருச்சு மாமா!" என்று கத்தினேன். (மாமா என்று கூப்பிட்டதும் அன்றுதான் முதல்முறை. அவசரம்.)

அவர் குனிந்து கண்ணை வைத்தார். "ஆறு இருக்கு" என்றார், குரலில் லேசாக மரியாதை. நான் பூரித்துப்போய், "அந்தத் திருகைத் திருப்புங்க, இன்னும் தெளிவா தெரியும்" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா!

அவர் திருப்பினார். வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, ஒரு கார்த்திகைப் பெண் தலைகீழா நிக்கிறாங்க."

"இந்தக் குழாயில எல்லாமே தலைகீழாத்தான் தெரியும் மாமா."

"நைட்டி போட்டிருக்காங்க. எண்ணெய் ஊத்துறாங்க."

மூன்றாவது மாடி பால்கனியில் ஆறு அகல்விளக்கு. எனக்கு விளங்குவதற்குள் அந்த அம்மாவின் கணவர் வெளியே வந்துவிட்டார். அங்கிருந்து பார்த்தால், நிலா வெளிச்சத்தில், தும்பைப்பூ வேட்டி கட்டிய ஒரு பெரிய மனிதர் தம் மனைவியைக் குழாய் வைத்துப் பார்க்கிறார்.

"ஹோய்! அங்க என்னா பாக்கிறீங்க? போலீஸைக் கூப்பிடவா?"

சரளாவின் அப்பா வெடுக்கென்று நிமிர்ந்தார். "நாங்க கார்த்திகை பாக்கிறோம்!"

"கார்த்திகை எங்க வீட்டு பால்கனியிலயா இருக்கு?"

அலமாக்! அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார். அவருக்கு முன்னால் நான் ஓடினேன். உடனே சரளாவைக் கூட்டிக்கொண்டு அவர் கிளம்பிவிட்டார். காரில் ஏறும்போது சரளாவும் என்னைப் பார்க்கவில்லை.

மறுநாள் முழுக்க ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். கல்யாணம் போச்சு என்றே முடிவு கட்டிவிட்டேன். உண்மையிலேயே அழுகை வந்தது. சாயங்காலம் சரளா கூப்பிட்டாள்.

"அப்பா சொல்லிட்டாரு. 'அந்தப் பையனுக்குப் பொய் சொல்ல வரலை. சொன்ன பொய் அஞ்சு நிமிஷம்கூட நிக்கலை. இவன்கிட்ட நீ ஏமாறவே முடியாது, கட்டிக்க'ன்னாரு."

கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து நான் என்ன சொன்னாலும், ஓவர்டைம் என்றாலும் சாலை நெரிசல் என்றாலும், வீட்டில் ஒரே கேள்வி: "நட்சத்திரமா, விளக்கா?" என் மகளும் இப்போது கற்றுக்கொண்டுவிட்டாள். போன வாரம், சர்க்கரை வியாதிக்காரரான என் மாமனார் கடையிலிருந்து திரும்பி, "சீனியும் பாலும் இல்லாத தே ஓதான் குடிச்சேன்" என்றார். அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

"தாத்தா, நட்சத்திரமா, விளக்கா?"

அவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "வெளக்குதாம்மா" என்றார். சரளா பிடித்துக்கொண்டாள். திட்டு முழுவதையும் அவர் ஒருவரே வாங்கிக்கொண்டார்; பாலும் சீனியும் போட்டு ஆற்றிய தே தாரேக் இரண்டு கோப்பை வாங்கிக் கொடுத்தவன் நான்தான் என்று கடைசிவரை சொல்லவே இல்லை.