நாலாவது மாடியில் ஒரு பூஜ்ஜியம்

மனிதர்களில் ஒரு வகை உண்டு. எதிரே நிற்கிற ஆளை நம்பாது; கட்டம் போட்ட திரையில் ஓர் எண் வந்தால் உடனே நம்பிவிடும். இந்த வகையைச் சேர்ந்தவரிடம் "வெளியே மழைங்க" என்று சொல்லிப் பாருங்கள். நனைந்துபோய் நிற்கும் உங்களையே பார்த்து, "டேட்டா இருக்கா?" என்பார்.

எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் இதில் முதல் தரம். எல்லோருக்கும் அவர் 'ஃபார்முலா'. எங்களுடையது நாலு மாடிக் கட்டடம், லிஃப்ட் கிடையாது. மேலே இருப்பவர்கள் காய்கறிப் பையையும் தண்ணீர் கேனையும் தோளில் தூங்கிப்போன குழந்தையையும் சுமந்து, திருப்பத்துக்குத் திருப்பம் நின்று, கட்டியவனை மனதாரத் திட்டி, மறுபடி ஏறிக் காலம் தள்ளினார்கள். கடைசியில் லிஃப்ட் போடலாம் என்று பேச்சு எழுந்தது. மூன்றாம், நான்காம் மாடிகளில் எத்தனை வீட்டுக்காரர்கள் சம்மதிக்கிறார்கள் என்று மறுநாள் கூட்டத்தில் சொல்ல வேண்டியது ஃபார்முலாவின் பொறுப்பு. ஆதரவு போதாவிட்டால் லிஃப்ட் கனவுதான்.

விரல்விட்டு எண்ணக்கூடிய சங்கதி. ஆனால் விரல்விட்டு எண்ணினால் அவருக்கு என்ன மரியாதை? வீட்டுக்காரர்கள் 'ஆம்', 'இல்லை' என்று எழுதிக் கொடுத்த பட்டியலை ஏற்றிவைத்திருந்த எக்செல் ஷீட்டைத் திறந்தார். நிபந்தனைகளை அடுக்கிக் கொடுத்தால், அத்தனைக்கும் பொருந்துகிற வரிகளை மட்டும் எண்ணித் தருமே, அந்தச் சூத்திரத்தை எழுதினார். சம்மதம் 'ஆம்'. மாடி 'மூன்று'. மாடி 'நான்கு'. தட்டினார்.

பூஜ்ஜியம்.

கமாக்களைச் சரிபார்த்தார், அடைப்புக்குறியை அழித்துவிட்டு அதே இடத்தில் மறுபடி போட்டார், 'ஆம்'களின் வாலில் ஒட்டியிருந்த இடைவெளிகளைத் துடைத்தார், கம்ப்யூட்டரை அணைத்து எழுப்பினார். பூஜ்ஜியம் அசையவில்லை. பிறகு ஒவ்வொரு நிபந்தனையாகச் சோதித்தார். சம்மதம் மட்டும்: எண் வந்தது. கூடவே மூன்றாம் மாடி: வந்தது. அதோடு நான்காம் மாடியையும் சேர்த்தார், பூஜ்ஜியம்!

"நாலாவது மாடிக்காரங்க காலை வாரிட்டாங்க" என்று கிளம்பினார்.

நாலாவது மாடியில் மருந்துக்கடைக்காரர் இருக்கிறார். மனைவிக்கு அப்போதுதான் முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. லிஃப்டுக்கு அவரைவிட ஆசைப்பட்டவர் யார்?

"முகத்துக்கு நேரா சரின்னுட்டு, லிஸ்ட்ல மாத்திப் போட்டுட்டீங்களே சார்?"

"ஆம்னுதானேய்யா போட்டேன்! என் கையால போட்டேன்!"

"ஃபார்முலா பொய் சொல்லாது சார்."

"அப்போ நான் பொய் சொல்றேனா?"

கதவு படாரென்று சாத்தப்பட்டது. பத்து வருடப் பழக்கம் அந்தச் சத்தத்தில் முடிந்ததாகத்தான் நாங்கள் நினைத்தோம்.

வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் நியாயம் கேட்டார் ஃபார்முலா. "நீயே கேளு. சம்மதம் ஆம்னு இருக்கணும். மாடி மூணா இருக்கணும். மாடி நாலா இருக்கணும். எல்லாம் பொருந்தினாத்தான் எண்ணும். இதுல என்ன தப்பு?"

"ஏங்க, ஒரே ஆளு எப்படிங்க ரெண்டு மாடியில குடியிருப்பாரு?"

ஃபார்முலா திரைப்பக்கம் திரும்பி உட்கார்ந்து, மூன்றாம் மாடியைத் தனியாகவும் நான்காம் மாடியைத் தனியாகவும் எண்ணிக் கூட்டினார். ஒரு வீட்டைத் தவிர எல்லோரும் சம்மதம்.

மறுபடி மாடியேறினார். இந்த முறை படிகள் கூடுதலாக இருந்த மாதிரி இருந்ததாம். கதவைத் தட்டி, "சிஸ்டத்துல ஒரு சின்னக் கோளாறு சார்" என்றார். தவறை ஒப்புக்கொள்வதில் இந்த வகையினர் எட்டக்கூடிய உச்சம் அதுதான்.

மருந்துக்கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "கோளாறு எந்த சிஸ்டத்துலன்னு எனக்குத் தெரியும். உள்ள வாங்க, மொதல்ல உக்காந்து மூச்சு விடுங்க."

லிஃப்ட் மறுநாளே தீர்மானமாயிற்று.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால், "என்னைப் புரிஞ்சுக்க ஒரு ஆளுகூட இல்லை" என்று போன வாரம் பெருமூச்சு விட்டது யார்? உங்கள் நிபந்தனைப்படி அந்த ஆள் நீங்கள் கேட்காமலே உதவ வேண்டும், ஆனால் தலையிடக் கூடாது. மனதில் பட்டதைச் சொல்ல வேண்டும், ஆனால் உங்களைப் பற்றிச் சொல்லக் கூடாது. கூப்பிட்டால் ஓடிவர வேண்டும், வந்தால் சீக்கிரம் போய்விடவும் வேண்டும்.

எண்ணிப் பார்த்தீர்களே, எத்தனை வந்தது?