அர்ச்சுனன் வாத்தியாரின் பத்தொன்பது நோவுகள்

"இன்சூரன்ஸ் இருக்கும்போது பொண்டாட்டி எதுக்கு?"

1984-ஆம் வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இட்டிலியைப் பிட்டுச் சட்னியில் தோய்க்கும்போது அர்ச்சுனன் வாத்தியார் கண்டுபிடித்த தத்துவம் இது. கண்டுபிடித்ததோடு நின்றிருந்தால் மனுஷன் பிழைத்திருப்பார். வாய்விட்டுச் சொல்லிவிட்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

வாத்தியாருக்கு ஐம்பத்து மூன்று வயது. மலேசியாக்காரர். வீடு செமோரில், வேலை பக்கத்து டவுனான ஈப்போவில். இடைநிலைப் பள்ளியில் கணக்குப் பாடம். பென்சனுக்கு இன்னும் இரண்டே வருஷம். அந்த இரண்டு வருஷத்துக்கும் சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு, புருணை நாட்டில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பது. திரும்பி வந்து பென்சன் வாங்கிக்கொண்டு கால்நீட்டி உட்காருவது. திட்டம் அவ்வளவுதான். அதில் முக்கியமான அம்சம், தனியாகப் போவது. உப்பைக் குறை, கொழுப்பைக் குறை, பேச்சைக் குறை என்று இருபத்தாறு வருஷமாகக் கேட்டுக் கேட்டு அவருக்குக் காது புளித்துவிட்டது. இரண்டு வருஷமாவது ஆட்டுக்கறியும் தானுமாக வாழ்ந்து பார்ப்பது என்று கங்கணம் கட்டிக்கொண்டார்.

மனைவி நவமணியும் கணக்கு டீச்சர்தான். வேறு பள்ளிக்கூடம். ஆனால் அவள் இடைநிலைப் பள்ளியின் முதல் வகுப்பான படிவம் ஒன்றுக்குச் சொல்லித் தருகிறவள், இவர் படிவம் ஐந்துக்கு. அந்த நாலு படி வித்தியாசத்தை வாத்தியார் வீட்டில் ஒரு நாளும் மறந்ததில்லை.

"தனியாவா?" என்றாள் நவமணி. "அங்க உங்களுக்கு முடியலேன்னா யாரு பாத்துக்குவா?"

"இன்சூரன்ஸ் பாக்கும்லா."

"இன்சூரன்ஸ் கஞ்சி வச்சுக் குடுக்குமா?"

"ஆஸ்பத்திரியில குடுப்பாங்க."

"தைலம் தேச்சு விடுமா?"

"நர்சு தேப்பா!"

நவமணியின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"ஆம்பள நர்சும் இருக்காங்க," என்றார் வாத்தியார், சட்னியைப் பார்த்து.

"சரி, போங்க. நான் என்ன கையப் புடிச்சா இழுத்தேன்?" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். இவ்வளவு சுலபமாக அவள் விட்டுக்கொடுத்ததே கிடையாது. வேறு ஆளாக இருந்தால் அப்போதே சந்தேகப்பட்டிருப்பான். நம்ம ஆள் இன்னும் இரண்டு இட்டிலி கேட்டார்.

புருணைக்கு எழுதிப் போட்டு விண்ணப்ப பாரம் வாங்கினார். கணக்கு வாத்தியார் அல்லவா, இரண்டு பாரம் வரவழைத்தார். ஒன்றில் பிழை வந்தால் மற்றதில் எழுதலாம் என்று. பிழையே வரவில்லை. மிச்ச பாரத்தை மேசை மேலேயே போட்டுவிட்டு, "படிவம் அஞ்சு வாத்தியாருக்குப் பிழை வருமா?" என்று வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

ஒரு மாசத்தில் பதில் வந்தது. வேலை உண்டு, ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனி அவரை ஏற்றுக்கொண்டால்தான். பக்கத்துத் தெரு கஸ்பார் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். கூப்பிட்ட குரலுக்குப் பையோடு வந்து நின்றான்.

"சின்ன விசயம்தான் அண்ணே. கடைசிப் பத்து வருசத்துல எடுத்த எம்சி எல்லாம் எழுதணும்."

வாத்தியார் தேநீரை விழுங்க மறந்தார்.

எம்சி என்பது டாக்டர் கொடுக்கும் ஒரு சின்னச் சீட்டு. அது இருந்தால் வேலைக்குப் போகாமலே சம்பளம் வரும். வாத்தியாருக்கு உடம்பில் ஒரு நோவும் கிடையாது. தூண்டில் பைத்தியம் மட்டும்தான். செமோர் பக்கம் ஈயம் தோண்டிவிட்டுப் போன குட்டைகளில் விறால் கிளம்பினால் அவருக்கு நோவு வந்துவிடும். டவுனில் கேட்ட நோவை எழுதித் தரும் ஒரு டாக்டர் சிநேகிதர் இருந்தார். ஒரே நோவை இரண்டு தடவை சொன்னால் ஹெட்மாஸ்டருக்குச் சந்தேகம் வரும் என்று, வாத்தியார் ஒவ்வொரு தடவையும் புது நோவாகப் பார்த்து எடுத்தார். அந்தச் சாமர்த்தியத்தை நினைத்துத் தனியாகச் சிரித்த நாளெல்லாம் உண்டு.

"அதெல்லாம் யாருக்குப்பா ஞாபகம்? இல்லேன்னு எழுதிரு."

"கம்பெனி உங்க ஹெட்மாஸ்டருக்கே எழுதிக் கேக்கும் அண்ணே."

"எதுக்கு ஞாபகம்? நகல் இருக்கு," என்று நவமணி பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து வைத்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

"இடுப்புப் பிடிப்பு. ஆஸ்துமா. சிறுநீரகக் கல்லு. நெஞ்சுப் படபடப்பு. காக்கா வலிப்பு..."

"காக்கா வலிப்பா?" கஸ்பார் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"மனக் கலக்கம்," என்று படித்தாள் அடுத்ததை.

"தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரி கேசா அண்ணே!"

"அடேய், அது சும்மாடா!"

மொத்தம் பத்தொன்பது. பேராக் மாநிலத்தில் அத்தனை நோவையும் ஒரே உடம்பில் தாங்கி உயிரோடு இருந்த ஆள் அர்ச்சுனன் வாத்தியார் ஒருவராகத்தான் இருப்பார்.

ஆனாலும் அவர் அசரவில்லை. "முழு உடம்பையும் சோதிச்சுக் காட்டறேன்! என்னை யாருன்னு நெனச்சீங்க?" என்று மார்தட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். ஊசி குத்தினார்கள், படம் பிடித்தார்கள், ஓடச் சொன்னார்கள். ஒரு வாரத்தில் ரிப்போர்ட் வந்தது. சர்க்கரை இல்லை, கொழுப்பு இல்லை, கல் இல்லை. காளை மாதிரி இருக்கிறார்.

"எங்க உன் கம்பெனி? அனுப்புடா இத!"

கஸ்பார் தலையைச் சொறிந்தான். "அனுப்பலாம் அண்ணே. ஆனா நீங்க இவ்ளோ நல்லா இருந்தா, அந்த எம்சி பத்தொன்பதும் பொய்னு ஆயிரும். கல்வி இலாகா காதுக்குப் போனா பென்சனுக்கே ஒல வச்சிருவாங்க. அனுப்பலேன்னா, கம்பெனி கணக்குல நீங்க பாதிப் பொணம். வேலை கெடைக்காது."

வாத்தியார் இருதலைக் கொள்ளி எறும்பானார். நோயாளி என்றால் புருணை போச்சு, ஆரோக்கியம் என்றால் பென்சன் போச்சு. முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவருக்கு இந்தக் கணக்குக்கு விடை தெரியவில்லை. ரிப்போர்ட்டைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு, "புருணை என்ன பெரிய புருணை! நானே வேணாம்னு சொல்லிட்டேன்," என்றார். மீசையில் மட்டும் மண் ஒட்டவில்லை.

அப்போதுதான் நவமணி ஒரு கடிதத்தை மேசைமேல் வைத்தாள். அதே பள்ளிக்கூடத்து முத்திரை. உள்ளே அவள் பெயர்.

"மிச்சம் கெடந்த பாரத்துல நானும் எழுதிப் போட்டேன். ரெண்டு கணக்கு டீச்சர் வேணுமாம். எனக்கு இன்சூரன்சும் ஆயிருச்சு. இருபத்து நாலு வருசத்துல ஒரு எம்சி கூட எடுக்கல பாருங்க. காய்ச்சலோட போயிருக்கேன். நீங்க ஆஸ்துமாவுல கெடந்த அன்னிக்குக்கூட."

வாத்தியாருக்குச் சுருக்கென்றது. வெட்கமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஆத்திரத்தை மட்டும் வெளியே விட்டார்.

"அப்ப நீ என்னை விட்டுட்டுப் போகப் போறியா?"

"விட்டுட்டுப் போற புத்தி உங்களுக்குத்தான். எனக்கில்ல. குடும்பத்தையும் கூட்டிட்டு வரலாம்னு போட்டிருக்கு."

"ஆமாண்ணே," என்றான் கஸ்பார். "அக்காவோட இன்சூரன்சுல உங்களையும் சேத்துக்குவாங்க. பழைய நோவுக்கு மட்டும் காசு தரமாட்டாங்க. அந்தப் பத்தொன்பத விட்டுட்டு வேற எது வேணும்னாலும் உங்களுக்கு வரலாம்!"

"பொண்டாட்டி முந்தானையப் புடிச்சுக்கிட்டு நான் வரமாட்டேன்! அர்ச்சுனன்டி நான்!"

"சரி, இருங்க. ஹெட்மாஸ்டர் கேட்டா நான் உண்மையத்தான் சொல்லணும்." நவமணி ஒரு எம்சியைத் திருப்பிக் காட்டினாள். பின்பக்கம் அவளுடைய அழகான கையெழுத்து: 'சிறுநீரகக் கல்லு - விறால் ரெண்டு, கெளுத்தி மூணு.' அடுத்தது: 'காக்கா வலிப்பு - ஒண்ணும் மாட்டல.' பத்தொன்பதுக்கும் எழுதி வைத்திருந்தாள். மீனைக் கழுவினவள் அவள்தானே, அவளுக்குத் தெரியாதா?

வாத்தியார் நினைத்திருந்த அதே சம்பளமில்லாத லீவைப் போட்டுவிட்டுப் பெட்டி கட்டினார். 'நானாகத்தான் வருகிறேன்' என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே கட்டினார்.

புருணையில் முதல் திங்கட்கிழமை. நவமணி டீச்சர் புதுச்சேலை கட்டி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். கைலியோடு நின்ற வாத்தியாரிடம், "மீன் வாங்கி வச்சிருக்கேன். ஆஞ்சு கொழம்பு வச்சிருங்க. உப்பு கம்மியா," என்றாள்.

வாத்தியாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இன்றைக்கு விட்டால் இரண்டு வருஷத்துக்கும் இதே கதைதான். நேராகப் போய்க் கட்டிலில் விழுந்து போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"முடியாது! எனக்கு இடுப்புப் புடிச்சிருக்கு. இன்னிக்குச் சமையல் கெடையாது!"

நவமணி கட்டிலருகே வந்து கையை நீட்டினாள்.

"எம்சி எங்க?"