பொட்டு வைத்த ஆங்கிலம்

ஆங்கில மொழிக்குப் பெருமை சேர்த்த இடங்கள் உலகில் இரண்டே. ஒன்று இங்கிலாந்து, அது பெற்றெடுத்தது. மற்றொன்று, பெங்களூரு வைட்ஃபீல்டில் உள்ள எங்கள் ‘குளோபல் டங்’ பயிற்சி மையம். அது மாலை போட்டது. அந்த மாலையைக் கே.ஆர். மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கிவந்தவன், இம்மையத்தின் நிர்வாக அலுவலராகிய நானே என்பதைப் பணிவுடன் பதிவு செய்கிறேன்.

க்ளென் நியூசிலாந்திலிருந்து வந்தவர். இளைஞர். ஆசிரியராக இதுதான் முதல் வேலை, அயல்நாட்டில் வாழ்வதும் இதுதான் முதல் முறை. முன் அனுபவம் உண்டா என்று எங்கள் இயக்குநர் உமேஷ் சார் கேட்டதற்கு, மாமாவின் பண்ணையில் ஆடு மேய்த்ததைச் சொன்னார். மந்தையைச் சமாளித்தவருக்கு வகுப்பு எம்மாத்திரம் என்று அன்றே நியமித்துவிட்டோம்.

வந்த நாளிலிருந்து பாடம் எடுக்கத் துடித்தார். நாங்கள் அவசரப்படவில்லை. சாலையைப் பார்த்த கண்ணாடி அறையில் அவரை உட்கார வைத்தோம். வைட்ஃபீல்ட் நெரிசலில் ஒரு பஸ் எங்கள் வாசலைக் கடப்பதற்குள், அதில் இருப்பவர்கள் அவரை ஆற அமரப் பார்த்து, படம் எடுத்து, போன் போட்டுக் கட்டணமும் விசாரித்து முடித்துவிடுவார்கள். சேர்க்கை அமோகம். அவர் குடியிருந்த அடுக்குமாடியிலோ, யார் வீட்டுக் குழந்தைக்குப் பிறந்தநாள் என்றாலும் கேக்குக்குப் பக்கத்தில் நிற்க அவரைக் கூப்பிட்டார்கள். வகுப்பு எப்போது என்று தினமும் என்னைக் கேட்பார். அடுத்த வாரம் என்று தினமும் சொல்வேன்.

வகுப்பெடுக்கக் கிரேஸ் மேடம் இருந்தார். கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வருபவர். மையம் தொடங்கியதிலிருந்து எல்லா வகுப்புகளும் அவருடையவைதான். அவரைப் பஸ்ஸிலிருந்து யாரும் படம் எடுக்கப்போவதில்லை என்பதால் பின்னறையை ஒதுக்கியிருந்தோம்.

அந்தச் சமயத்தில் பீன்யாவில் உள்ள ஒரு ஜெர்மன் கம்பெனியின் தொழிற்சாலை, தன் மேற்பார்வையாளர்களை எங்களிடம் அனுப்பியது. விஜயதசமி காலையில் ஜெர்மனிக்காரர்கள் அவர்களோடு வீடியோவில் ஆங்கிலத்தில் பேசிப்பார்ப்பார்கள். தேறினால் ஜெர்மனியில் பயிற்சி. இந்த பேட்சைத் தேற வைப்பவருக்கே ‘முதன்மை ஆசிரியர்’ பதவி என்று உமேஷ் சார் அறிவித்தார். கிரேஸ் மேடம் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் பதவி அது. க்ளென்னுக்கோ, அது கிடைக்காவிட்டால் மறுபடி ஆடுகள்தான்.

கடைசி வகுப்பு ஆயுத பூஜையன்று வந்து வாய்த்தது. கம்ப்யூட்டர், பிரிண்டர், காபி மெஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து முடித்த உமேஷ் சார், குங்குமக் கிண்ணத்தோடு ஆழ்ந்த யோசனையில் நின்றார்.

“நம்ம தொழிலுக்கு மெயின் ஆயுதம் எதுய்யா?”

நான் பதில் தேடுவதற்குள் அவர் கண்ணாடி அறைக்குள் போய்விட்டார்.

க்ளென்னின் நெற்றியில் சந்தனம், குங்குமம். கழுத்தில் சாமந்தி மாலை. நாற்காலியின் இரு பக்கமும் வாழைக்கன்று. வண்டியானால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்போம். இவருக்கு ஷூவுக்கு அடியில் வைத்து முன்னே நகரச் சொன்னோம். வலதுகால் பழம் முறைப்படி நசுங்கியது. இடதுகால் பழம் வழுக்கியதில் மெயின் ஆயுதம் பிரிண்டர் மேல் போய் விழுந்தது. திருஷ்டி கழிந்தது என்று தீர்மானித்து, வாசலில் பூசணிக்காயையும் உடைத்தோம்.

பின்னறை வாசலிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார் கிரேஸ் மேடம்.

“எனுக்கு இல்லியா சார்?”

“நீங்க கிறிஸ்டியனாச்சே மேடம்” என்றார் உமேஷ் சார்.

“க்ளென் மட்டும் சபரிமலைக்குப் போறவரா? போன ஞாயித்துக்கெழம எங்கூடதான் சர்ச்சுக்கு வந்தாரு.”

“இம்போர்ட்டட் காரு என்ன மதம்னு பாத்தா பொட்டு வெக்கிறோம்? ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, கொஞ்சம் அனுசரிச்சுக்குங்க மேடம்.”

சமயத் தத்துவத்தை இவ்வளவு சுருக்கமாக நான் எங்கும் கேட்டதில்லை.

மாலையோடு வகுப்புக்குக் கிளம்பிய க்ளென்னை நான்தான் தடுத்தேன். பூஜையில் வைத்த புத்தகத்தை அன்று படிக்கக் கூடாது, பூஜையில் வைத்த அரிவாளால் அன்று வெட்டக் கூடாது. ஆகவே பூஜையில் வைத்த ஆசிரியர் அன்று ஆங்கிலம் பேசக் கூடாது. க்ளென் ஏதோ சொல்ல வாய் திறந்தார். உமேஷ் சார் அதில் ஒரு பிடி பொரியைப் போட்டார்.

கிரேஸ் மேடம் தன் ரயிலையும் விட்டுவிட்டு வகுப்பெடுத்தார். ஜெர்மனிக்காரர் மாதிரி முறைத்துப் பார்த்துக் கேள்வி கேட்டு, ஒவ்வொருவரையும் நடுக்கம் தீரும்வரை பேசவைத்தார். க்ளென் கதவோரம் நின்று ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், அவருக்கு மெய்யாகவே சொல்லிக்கொடுக்க ஆசை.

மறுநாள் அத்தனை பேரும் தேறினார்கள். உமேஷ் சார் க்ளென்னை முதன்மை ஆசிரியராக அறிவித்தார். க்ளென் பதறிப்போய், தான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, எல்லாம் கிரேஸ் செய்தது என்று மன்றாடினார். பேசாமலே இவ்வளவு சாதித்தவரா என்று உமேஷ் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தகைய சக்தி வீணாகக் கூடாது என்பதால், முதன்மை ஆசிரியர் வியாழக்கிழமை மட்டும், அதுவும் ஒரு மணி நேரம் மட்டும் பேசலாம் என்று பணி விதியை நானே எழுதினேன்.

திங்கட்கிழமை புதிய பேட்ச் வந்து உட்கார்ந்திருந்தது. கிரேஸ் மேடமும் வந்தார். நெற்றியில் சந்தனம், குங்குமம், கழுத்தில் சாமந்தி. பின்னறைக்குப் போகவில்லை. கண்ணாடி அறையில் க்ளென்னுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, செருப்புக்கு அடியில் எலுமிச்சம்பழங்களை வைத்து, ஒரு மிதி மிதித்தார். இரண்டும் நசுங்கின. பிறகு உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டார்.

க்ளென் ஆவலோடு எழுந்தார். திங்கட்கிழமை என்று நினைவூட்டி உட்கார வைத்தேன். பூஜை முடிந்துவிட்டது என்று உமேஷ் சார் மேடத்திடம் தமிழில் சொன்னார், கன்னடத்தில் கெஞ்சினார். மேடம் மாலையைச் சரிசெய்துகொண்டார். வெளியே பஸ்ஸிலிருந்து நாலு பேர் படம் எடுத்தார்கள்.

“என்னய்யா இது? என்னதான் பண்றாங்க இவங்க?” என்று உமேஷ் சார் என்னிடம் திரும்பினார்.

பணி விதியை எழுதியவன் நான். உள்ளதைச் சொல்லித்தானே ஆகவேண்டும்.

“வேலை செய்யறத நிறுத்திட்டாங்க சார். நம்ம ரூல்படி ப்ரமோஷனுக்குத் தகுதி ஆயிட்டாங்க.”