வாசலில் பெரும்பான்மை

மிதியடி நாட்டுச் சபையில் அன்று இருந்தவர்கள்: முதலமைச்சர் மகுடேசர், அவருடைய கட்சியினர், எதிரே கூட்டணியினர், கூட்டணியின் மூன்று வருங்கால முதலமைச்சர்கள், எந்தக் கட்சியிலும் சேராத உப்பளத்து உறுப்பினன் சொரிமுத்து. வாசலில் காவலுக்குச் சந்தனமாரி.

அந்த நாட்டில் பெரும்பான்மைக்குத் தலைகளை எண்ணுவதில்லை. தலை இரண்டு பக்கமும் ஆடும். வாசலில் கழற்றிவிட்ட செருப்பைத்தான் எண்ணுவார்கள். வலப்பக்கம் ஆளுங்கட்சி, இடப்பக்கம் கூட்டணி. எந்தப் பக்கம் ஒரு ஜோடி கூடுதலோ அந்தப் பக்கம் ஆட்சி.

எண்ணிக்கை குழம்பக் கூடாதென்று குடிகளின் செருப்புக்கு முதலில் வரி போட்டார்கள். கட்டாதவர்களின் செருப்பைப் பறிமுதல் செய்தார்கள். கூட்டணி இதைக் கடுமையாக எதிர்த்தது. பறித்ததில் தங்களுக்குப் பங்கில்லை என்பது அதன் வாதம். பிறகு, கால் சுடுகிறது என்று சொல்வது வெயிலின் மீதான அவதூறு என்று ஒரு சட்டம் வந்தது. அது ஒருமனதாக நிறைவேறியது.

அன்று இரண்டு பக்கமும் சமமாக இருந்தன. சொரிமுத்து வெறுங்காலோடு வந்திருந்தான்.

"மாண்புமிகு உறுப்பினரின் செருப்பு எங்கே?" என்றார் மகுடேசர்.

"எம் பொண்டாட்டி தங்கபுஷ்பம் கால்ல கிடந்துச்சு. உங்க ஆளு கழட்டிட்டுப் போயிட்டான். அவ உள்ளங்கால் பூரா உப்பு தின்னுட்டு. கக்கூசுக்குக்கூட நான்தான் தூக்கிட்டுப் போறேன்."

மகுடேசர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தங்கள் துயரம் அரசின் துயரம். புது ஜோடி ஒன்று தருகிறோம். வலப்பக்கம் விடுங்கள்."

"நாங்கள் இரண்டு ஜோடி தருவோம்!" என்றார் ஒரு வருங்கால முதலமைச்சர்.

"அத தங்கபுஷ்பம் போட்டுக்கிடலாமா?"

"சபை நடக்கும்போது செருப்பு வாசலில் இருக்க வேண்டும்" என்றார் மகுடேசர்.

"சபை எப்ப முடியும்?"

"ஜனநாயகத்தில் சபை முடிவதில்லை."

கூட்டணி தரும் செருப்பில் யார் படத்தை அச்சடிப்பது என்று மூன்று வருங்காலங்களுக்கும் சண்டை மூண்டது. மகுடேசர் தரப்பு கைதட்டி வேடிக்கை பார்த்தது. சொரிமுத்து எழுந்து வெளியே வந்தான்.

சந்தனமாரி சுடுகல்லில் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தாள்.

"எந்தப் பக்கம் அண்ணாச்சி?"

"ரெண்டு பக்கமும்." இடுப்பில் கட்டியிருந்த உப்புச் சாக்கை அவிழ்த்து விரித்தான். "மொதல்ல ஒன் அளவுக்கு ஒண்ணு எடு, மாரி."

அவள் ஒன்றில் கால் நுழைத்துப் பார்த்தாள். "இது மகுடேசருது. பெருசா இருக்கே?"

"அவருக்கும் பெருசுதான்."

மீதியெல்லாம் சாக்குக்குள் போயின. இருப்பதிலேயே மிருதுவான ஒரு ஜோடியை மட்டும் அவன் சாக்கில் போடவில்லை. அடிப்பாகத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"ஆட்சி எங்கன்னு கேட்டா என்ன சொல்ல?"

"உப்பளத்துக்கு நடந்து போயிட்டுன்னு சொல்லு."

அவன் படியிறங்கினான். உள்ளே இன்னும் கூச்சல் ஓயவில்லை. சந்தனமாரி கதவை இழுத்துச் சாத்தி, வெளியே நின்றபடி பூட்டினாள்.