சங்குத்துறை நீர்ப்பை ஆராய்ச்சி

தண்ணீர் குடிக்கிறவன் ஒன்றுக்குப் போவான், குடிக்காதவன் போக முடியாமல் முக்குவான் என்பது ஆடு மாடுகளுக்குக்கூடத் தெரிந்த விஷயம். ஆனால் ஆடு மாடுகளுக்குத் தெரிந்ததையெல்லாம் சர்க்கார் அப்படியே ஒப்புக்கொண்டுவிட முடியுமா? அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. கமிட்டி போட வேண்டும், அதிகாரியை நியமிக்க வேண்டும், அவருக்கு ஒரு ஜீப்பும் ஒரு சேவகனும் ஒதுக்க வேண்டும். அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம்.

ராமேசுவரம் போகிற வழியில் கடலை ஒட்டிக் கிடக்கிற சங்குத்துறைக்கு இந்த முறையெல்லாம் தெரியாது. நாடு சுதந்திரம் வாங்கிப் பத்து வருஷமாகியும் அந்த ஊரில் குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. எங்கே தோண்டினாலும் உப்பு. மணலில் ஊற்றுப் பறித்துச் சிரட்டையால் மொண்டால் அரைக் குடம் தேறும், அதுவும் கரிக்கும். அதைக் குடித்துக் குடித்து ஊரில் பாதிப் பேருக்குக் கல்லடைப்பு, மீதிப் பேருக்கு நீர்க்கடுப்பு.

அதில் முதல் ஆள் செபஸ்தியான். வள்ளத்தில் நின்றால் புயலுக்கே அசையாத மனுஷன். ஆனால் ஒன்றுக்குப் போக உட்கார்ந்தானோ போச்சு, "மாதாவே, என்னயக் கொண்டுபோயிரு!" என்று அவன் போடுகிற கூப்பாட்டில் கரையில் காயும் கருவாட்டைக் கொத்த வந்த காக்காயெல்லாம் பறந்துவிடும். நடுக்கடலில் வலி வந்து துடுப்பைப் போட்டுவிட்டுச் சுருண்டு விழுந்ததிலிருந்து கூட்டாளிகள் அவனை வள்ளத்தில் ஏற்றுவதில்லை. கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைக்கிறதும், பெண்டாட்டி அற்புதம்மாளிடம் வசவுப் பாட்டுக் கேட்கிறதுமாகப் பொழுது போனது. வெட்கமாகத்தான் இருந்தது அவனுக்கு. மறுபடி வள்ளம் ஏற வேண்டும், அதற்குக் கல் இறங்க வேண்டும், அதற்கு நல்ல தண்ணீர் வயிறு முட்டக் குடிக்க வேண்டும். உச்சிப்புளி வைத்தியர் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

ஆகவே, ஊர் சார்பில் அவனே ஒரு மனுப் போட்டான். தண்ணீர் இல்லாமல் எங்களுக்குக் கல்லடைக்கிறது, தயவுசெய்து தண்ணீர் லாரி அனுப்பவும்.

லாரி வரவில்லை. டாக்டர் பூமிநாதன் வந்தார். சீமைக்குப் போய் நீர்ப்பையைத் தவிர வேறெதையும் ஏறிட்டுப் பார்க்காமல் படித்துவிட்டு வந்தவர். 'நீர்ப்பை நோய் ஆராய்ச்சித் தனி அதிகாரி' என்பது பதவி. அந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றவில்லை.

"தண்ணீர் இல்லாததால் கல்லடைக்கிறது என்று எழுதியிருக்கிறீரே, என்ன ஆதாரம்?" என்று கேட்டார்.

"ஆதாரம் உள்ள இருக்குய்யா. குத்துது" என்றான் செபஸ்தியான்.

"குத்துவதெல்லாம் ஆதாரமாகாது. தண்ணீரால் குணமாகும் என்று விஞ்ஞான ரீதியாக ருசுவானால்தான் சர்க்கார் தண்ணீர் கொடுக்கும்."

"குடுத்துப் பாருங்கய்யா, தன்னால ருசுவாயிரும்."

டாக்டர் முகம் மலர்ந்தது. "அதையேதான் செய்யப்போகிறோம். ஒரு ஊருக்குத் தண்ணீர் கொடுப்போம், ஒரு ஊருக்குக் கொடுக்கமாட்டோம். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்."

கூப்பிடு தூரத்தில் இருந்தது தாழைமுனை. அதே ஜனம், அதே உப்பு, அதே கூப்பாடு. எந்த ஊருக்குத் தண்ணீர் என்பதை டாக்டர் மிகுந்த விஞ்ஞான ரீதியில், ஒரு ரூபாய்க் காசைச் சுண்டிப் பூவா தலையா பார்த்து முடிவு செய்தார். தாழைமுனைக்கு விழுந்தது.

"மனுப் போட்டது நாங்கய்யா! அவுங்க கேக்கக்கூட இல்லையே!" என்று பதறினான் செபஸ்தியான்.

"அதனால்தான் உங்களுக்குக் கொடுக்கக் கூடாது. ஆசைப்படுகிறவனுக்குக் கொடுத்தால் ஆராய்ச்சி கெட்டுவிடும். வருத்தப்படாதீர். தண்ணீர் குடிக்கிறவனை எங்கே வேண்டுமானாலும் பார்க்கலாம். குடிக்காமல் இருந்து தேசத்துக்குச் சேவை செய்கிறவன் அபூர்வம்" என்று முதுகில் தட்டிக் கொடுத்தார் டாக்டர்.

ஏற்பாடுகள் மளமளவென்று நடந்தன. தாழைமுனைக்குத் தினமும் லாரியில் நல்ல தண்ணீர். சங்குத்துறைக்கு, குடிக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு சேவகன். சனிக்கிழமைதோறும் இரண்டு ஊர்க்காரர்களும் ஆளுக்கொரு புட்டியில் சிறுநீர் பிடித்துக் கம்பவுண்டர் பொன்னுச்சாமியிடம் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு.

டாக்டர் சீமையில் எல்லாம் படித்தார், சம்பந்தம் பண்ணுவதைப் பற்றி மட்டும் படிக்கவில்லை. சங்குத்துறை வீடுகளில் பாதிப் பெண்கள் தாழைமுனையில் பிறந்தவர்கள். அற்புதம்மாளும் அந்த ஊர்தான். அவள் தம்பி கில்பர்ட் அங்கே லாரித் தண்ணீரில் குளிக்கிற அளவுக்கு வசதியாக இருந்தான். கட்டிக் கொடுத்த அக்கா வந்தால் வெறுங்கையோடு அனுப்புவானா? மீன் கொடுக்க முடியாது, அது இரண்டு ஊரிலும் கிடக்கிறது. தண்ணீர்தான் இப்போது சீர். குடத்து வாயில் மஞ்சள் துணியைக் கட்டி, மேலே பூவைச் சுற்றி, வரிசைக் குடங்கள் கிளம்பின.

"குடத்துல என்னம்மா?" என்று கடற்கரையில் மறித்தான் சேவகன்.

"பொறந்த வீட்டுச் சீருய்யா. பிள்ளைக்குப் புதுநன்மை" என்றாள் அற்புதம்மாள்.

உள்நாட்டுக் கிராமத்திலிருந்து வந்த அவனுக்குப் புதுநன்மை என்றால் என்னவென்று தெரியாது. பிள்ளைகள் வாழ்நாளில் முதல் தடவை நற்கருணை வாங்குகிற சடங்கு அது. ஒரு பிள்ளைக்கு ஒரு தடவைதான் நடக்கும். சங்குத்துறையில் அதே பிள்ளைகளுக்கு வாராவாரம் நடந்தது. வேதக்காரர்கள் வழக்கம் இப்படித்தான் போலிருக்கிறது என்று சேவகன் பயபக்தியோடு கும்பிட்டு வழிவிட்டான்.

செபஸ்தியான் குடித்தான். மடக் மடக்கென்று குடித்தான். ஒருநாள் காலை வழக்கமான கூப்பாடு கேட்டது, பாதியில் நின்றுவிட்டது. அற்புதம்மாள் மாரில் அடித்துக்கொண்டு ஓடினாள். அவனோ உள்ளங்கையில் மிளகு அளவு கல்லை வைத்துக்கொண்டு குழந்தைபோல அழுதுகொண்டு நின்றான். "எறங்கிருச்சுடி!" அடுத்த நாளே வள்ளம் ஏறினான். அன்றைக்கு அவன் பிடித்து வந்தது நாலு சூடை மீன்தான், ஆனால் ஆள் அகலத் திருக்கையே பிடித்த மாதிரி நடந்து வந்தான்.

ஆறு மாதம் கழித்து, முடிவை அறிவிக்க இரண்டு ஊரையும் ஒரே பந்தலில் கூட்டினார்கள். கில்பர்ட் செபஸ்தியான் காதில் கிசுகிசுத்தான்.

"மச்சான், குடம் போன விசயம் வெளிய வந்துச்சுன்னா, எங்க லாரிய நிப்பாட்டிருவாங்க. ரெண்டு ஊருக்கும் தண்ணி போச்சு. வாயத் தொறந்துறாதீக."

"நான் ஏன் மாப்ள தொறக்கப்போறேன்" என்றான் செபஸ்தியான்.

டாக்டர் எழுந்தார். "தாழைமுனையில் நோய் குணமாகியிருக்கிறது. எதிர்பார்த்ததுதான். ஆனால் சங்குத்துறையிலும் அதே அளவு குணமாகியிருக்கிறது. சங்குத்துறைக்காரர்களே, உங்களில் யாராவது நல்ல தண்ணீர் குடித்தீர்களா?"

"ஒரு சொட்டுக்கூட இல்லைய்யா!" என்று ஊரே ஒரே குரலில் சொன்னது. கூட்டத்தில் இருந்த மாதா கோயில் பங்குச் சாமியார் தலையைக் குனிந்துகொண்டார்.

"மிக்க மகிழ்ச்சி. குடித்தவனும் குணமானான், குடிக்காதவனும் குணமானான். ஆகவே, நீருக்கும் நீர்ப்பைக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்பது இதனால் ருசுவாகிறது. தண்ணீர் லாரி இன்றோடு நிறுத்தப்படும்."

செபஸ்தியான் துள்ளி எழுந்தான். "அய்யய்யோ, குடிச்சோம்யா! குடங்குடமாக் குடிச்சோம்யா!"

"லாரி நிற்கும் என்றதும் பேச்சை மாற்றுகிறீர். இது செல்லாது."

"நாந்தான்யா குடுத்துவிட்டேன்! இவரு என் அக்கா வீட்டுக்காரரு!" என்று கில்பர்ட்டும் எழுந்தான்.

"சொந்தக்காரன் சாட்சியும் செல்லாது."

"இங்கன எல்லாருமே சொந்தக்காரங்கதான்யா!"

"அப்படியானால் இரண்டு ஊருமே சாட்சிக்கு லாயக்கில்லை" என்றார் டாக்டர்.

கம்பவுண்டர் பொன்னுச்சாமி மெதுவாகத் தொண்டையைச் செருமினார். "அப்ப எதுனால சார் குணமாச்சு?"

டாக்டர் கண்ணை மூடி யோசித்தார். இரண்டு ஊரும் பொதுவாகச் செய்த காரியம் ஒன்றே ஒன்றுதான். அவர் மேசையில் தட்டினார். "புட்டி! புட்டியில் பிடித்ததால் குணமாகியிருக்கிறது!"

பத்திரிகைகள் இதைக் கொட்டை எழுத்தில் போட்டன. மதராஸில் பெரிய மனுஷர்கள் வெள்ளி மூடி போட்ட புட்டியைக் கையோடு கொண்டுபோவது நாகரிகமாயிற்று. கல்யாண வீடுகளில் வெற்றிலைப் பாக்கோடு புட்டி கொடுத்தார்கள். 'வீட்டுக்கொரு புட்டி' என்று சர்க்கார் திட்டம் போட்டது. டாக்டருக்கு இன்னொரு ஜீப் கிடைத்தது.

இரண்டு ஊருக்கும் மறுபடி உப்புத் தண்ணீர். செபஸ்தியானுக்கு மறுபடி கல். வள்ளம் அவனை விட்டுவிட்டுப் போனது. அந்த நேரத்தில்தான் ஊர்களுக்குப் புட்டி வந்து இறங்கியது. தாழைமுனைக்கு வண்டி நிறைய, சங்குத்துறைக்கு ஒரே ஒரு கூடை. ஊர் கொதித்தது. ராமநாதபுரத்துக்கு ஊர்வலம் கிளம்பினார்கள். முன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு செபஸ்தியான்.

"உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? தண்ணியாலதான் சொகமாச்சுன்னு தெரிஞ்சுமா புட்டி கேக்கப் போறீக?" என்றாள் அற்புதம்மாள்.

"தெரியும்டி. தண்ணி கேட்டா மறுபடி ஆராய்ச்சிதான் வரும். புட்டின்னா கேட்டதும் குடுக்கிறாங்க. குடுக்கிறதயாச்சும் உன் தம்பி ஊருக்குக் கொறையாம வாங்க வேணாமா?"

கில்பர்ட் சும்மா இருப்பானா? எங்கள் புட்டியில் ஒன்றைக்கூடத் தொடவிட மாட்டோம் என்று அவனும் ஆட்களைத் திரட்டினான். கடற்கரையில் கைகலப்பாகிவிட்டது. மச்சானும் மாப்பிள்ளையும் அன்றோடு பேச்சை நிறுத்தினார்கள்.

கடைசியில் நியாயம் வென்றது. சங்குத்துறைக்கும் வண்டி நிறையப் புட்டி வந்தது. வேட்டுப் போட்டு இறக்கினார்கள். போராடி வாங்கித் தந்தவனுக்குத்தான் முதல் புட்டி என்று மாலை போட்டுச் செபஸ்தியான் கையில் கொடுத்தார்கள். அவன் மறைவாகப் போய் உட்கார்ந்தான். கூப்பாடு கேட்டது. ஊர் வெளியே காத்து நின்றது.

வெளிறிப்போய், வெறும் புட்டியோடு திரும்பி வந்தான்.

"ஒண்ணும் வரலையாண்ணே?" என்று கேட்டான் கூட்டத்தில் ஒருவன்.

"ஒரு சொட்டு வரல" என்றவன், வலியை அடக்கிக்கொண்டு கேட்டான். "ஏலே, அங்கன தாழைமுனையில என்ன நெலவரம்? கில்பர்ட்டுக்கு வந்துச்சாமா?"

"அவருக்கும் வரலையாம்ணே."

"அப்பச் சரி" என்றான் செபஸ்தியான்.